பயிற்றுவிப்பாளரிலிருந்து கழக உரிமையாளர் வரை: யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

பத்து, பதினைந்து ஆண்டுகள் மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பழக்கிய ஒரு பயிற்றுவிப்பாளருக்கு, இவர்களைச் சொந்தக் கழகம் ஒன்றில் வைத்து வளர்த்தால் என்ன என்ற எண்ணம் ஒருநாள் வந்தே தீரும். அந்த எண்ணத்தோடு என்னிடம் வருபவர்களிடம், யாழ்ப்பாணத்தில் "சொந்தம்" என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். குருநகரிலோ பாசையூரிலோ நாவாந்துறையிலோ இளவாலையிலோ ஒரு சிறுவனை நிறுத்தி உங்கள் கழகம் யாருடையது என்று கேட்டால், "எங்கட ஊர்க் கழகம்" என்றுதான் சொல்வான். ஒரு கழகத்தின் பின்னால் தேவாலயப் பங்கு இருக்கும், இன்னொன்றின் பின்னால் கோயிலடி இளைஞர்கள் இருப்பார்கள், வேறொன்று சனசமூக நிலையத்தின் கூரையின் கீழ் பிறந்திருக்கும். கரையோரக் கிராமங்களில் கோல் வலை கிழிந்தால் கடைக்கு ஓடுவதில்லை; மீன்வலை பொத்தும் கையே ஊசியும் நூலும் கொண்டு மாலைக்குள் அதைச் சரிசெய்துவிடும். அந்தக் கழகங்களில் எவரும் பங்கு வைத்திருக்கவில்லை, ஆகையால் எவரும் அவற்றை வாங்கவும் முடியாது.

எனவே உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு பாதைகள். ஊர்க் கழகத்தின் நிர்வாகத்துக்குள் சென்று அதன் பொறுப்பாளர்களில் ஒருவராவது ஒன்று; உங்கள் பெயரிலோ சிலரோடு கூட்டாகவோ ஒரு பயிற்சிக் கழகத்தைப் புதிதாகத் தொடங்கி, காலப்போக்கில் அதை லீக்கில் ஆடும் கழகமாக வளர்ப்பது மற்றையது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது பாதையைப் பற்றியது என்றாலும், முதற் பாதையில் சில ஆண்டுகளாவது நடக்காதவர் இரண்டாவதில் நிலைத்து நிற்பது கடினம் என்பது என் துணிபு.

உரிமத்தை முதலில் முடியுங்கள்

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் உரிமங்கள் டி, சி, பி, ஏ, புரோ என்ற வரிசையில் ஏறுகின்றன. இலங்கையில் அவற்றுக்கான பாடநெறிகள் தேசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஊடாக நடைபெறுகின்றன. கழகம் தொடங்க நினைப்பவர் குறைந்தது சி உரிமத்தையாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பெற்றோர் தம் பிள்ளையை உங்களிடம் ஒப்படைப்பதற்கு அது ஒரு காரணமாகும் என்பது மட்டுமல்ல, கழகம் வளர்ந்து தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கு இன்ன உரிமம் வேண்டும் என்று போட்டி விதிகள் கேட்கும் நாளில், உரிமையாளர் என்ற தகுதி அந்த இடத்தை நிரப்பாது.

இத்தாலியின் கோமோ கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் அங்கு வீரராகச் சேர்ந்த செஸ்க் ஃபாப்ரெகாஸ் கழகத்தின் பங்குதாரராகவும் ஆனார். 2023 இறுதியில் முதல் அணியைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றபோது, உரிய உயர்நிலை உரிமம் அவரிடம் இல்லாததால் அந்தப் பதவியில் நீடிக்க முடியவில்லை. ஓசியன் ராபர்ட்ஸ் என்பவர் இடைக்காலத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அமர்த்தப்பட்டார். கழகம் முதற்தரப் பிரிவுக்கு ஏறிய 2024இல்தான் ஃபாப்ரெகாஸ் முறைப்படி தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். பங்கு வைத்திருந்தவருக்கே நிலை அதுவென்றால் நமக்கு வேறாக இருக்காது.

பாடநெறி அறிவிக்கப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கைச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. இடைநிறுத்தப்பட்ட சம்மேளனத்தின் கழகங்களும் அலுவலர்களும் ஃபிஃபாவினதோ ஆசியக் கூட்டமைப்பினதோ அபிவிருத்தித் திட்டங்களிலும் பாடநெறிகளிலும் பயன்பெற முடியாது. கொழும்பில் நிகழும் நிர்வாகச் சிக்கல் ஒன்று அரியாலையில் பந்து உதைப்பவரின் சான்றிதழையும் தாமதப்படுத்தக்கூடும்.

கணக்குப் பழகும் ஆண்டுகள்

நல்ல பயிற்றுவிப்பாளர்கள் உரிமையாளராகும்போது தடுக்கி விழும் இடம் ஆட்டம் அல்ல, கணக்கு. இதை என் சொந்தத் தவறிலிருந்தே அறிந்தேன். நான் இளம் பயிற்றுவிப்பாளராக இருந்த காலத்தில், எங்கள் கழகத்துப் பிள்ளைகளுக்குச் சீருடையும் பூட்ஸும் வாங்குவதற்கென்று வெளிநாட்டிலிருந்த பழைய வீரர்கள் சேர்த்தனுப்பிய பணம் எனது சொந்த வங்கிக் கணக்குக்கு வந்தது. பணத்தில் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கே செலவிட்டேன். ஆனால் பாதிக்கு மேற்பட்ட செலவுக்குப் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. எஞ்சிய சில ஆயிரங்கள் எனது சம்பளத்தோடு கலந்துபோயின. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, குறை சொல்லக் கேக்கேல்லை, எத்தனை சோடி பூட்ஸ், என்ன விலை எண்டு மட்டும் சொல்லும்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. எவரும் என்னைக் கள்வன் என்று சொல்லவில்லை; ஆயினும் அடுத்த முறை பணம் வந்தபோது அது என் கைக்கு வரவில்லை, மீண்டும் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஆகவே உங்கள் கழகம் தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, இப்போது நீங்கள் பயிற்றுவிக்கும் கழகத்தின் நிர்வாகக் குழுவில் உப பொருளாளர் பதவியைக் கேட்டுப் பெறுங்கள். செயலாளர் பதவிக்கு மதிப்பு அதிகம், ஆனால் உங்களுக்குத் தேவையான பாடம் பொருளாளரின் பக்கத்தில்தான் இருக்கிறது. நூற்றியறுபது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, திகதி, விபரம், பற்றுச்சீட்டு இலக்கம், வரவு, செலவு, மீதி என்று ஆறு நிரல்கள் கோடிடுங்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கினாலும் அன்றிரவே எழுதுங்கள். பற்றுச்சீட்டு தராத முச்சக்கரவண்டிச் செலவு போன்றவற்றுக்கு, ஒரு சிறு தாளில் தொகையையும் காரணத்தையும் எழுதி, பணம் பெற்றவரின் கையொப்பத்தை வாங்கி ஒட்டிவையுங்கள். அதே கொப்பியின் பின்பக்கத்திலிருந்து பொருட்களின் பதிவைத் தொடங்குங்கள்: பந்து எத்தனை, எந்த அளவு, எப்போது வாங்கியது, யார் கொடுத்தது, எப்போது கழித்தது. மாலையில் பயிற்சி முடிந்ததும் பந்துகளை எண்ணிப் பைக்குள் போடும் பயிற்றுவிப்பாளரைப் பெற்றோர் வேலிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இயங்க வேண்டும். இந்த விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

எந்த வடிவத்தில் தொடங்குவது

கழகத்தைச் சட்டப்படி நிறுவ மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. யாப்பு எழுதி, நிர்வாகக் குழு தெரிந்து, உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாக விளையாட்டுக் கழகமாகப் பதிவது எளிய வழி; லீக் அங்கத்துவத்துக்கும் பொருத்தமானது. ஆனால் இங்கு நீங்கள் உரிமையாளர் அல்லர். பொதுக்கூட்டம் விரும்பினால் அடுத்த ஆண்டே உங்களை மாற்றலாம், அப்படிச் செய்ய அதற்கு உரிமையும் உண்டு.

இரண்டாவது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. இதில் பங்குகள் இல்லை. அங்கத்தவர் ஒவ்வொருவரும், கம்பனி கலைக்கப்படும் நிலை வந்தால் தாம் தருவதாக உறுதியளித்த தொகைக்கு மட்டுமே பொறுப்பாவார். நன்கொடையையே பெரிதும் நம்பி இயங்கப்போகும் பயிற்சிக் கழகத்துக்கு இதுவே தகுந்தது என்பேன், ஏனெனில் கொடுத்த பணம் ஒருவரின் சட்டைப்பைக்குப் போகாது என்பதை அதன் அமைப்பே கொடுப்பவருக்குச் சொல்கிறது.

மூன்றாவது, தனியார் வரையறுத்த கம்பனி. உரிமை என்ற சொல்லின் முழுப் பொருளும் இங்குதான் கிடைக்கிறது. ஒரே ஒரு பங்குதாரரோடும் இதைத் தொடங்கலாம். பங்குதாரரின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டக் கூடாது. பெயருக்கு அங்கீகாரம் பெற்றபின், பதிவு விண்ணப்பமான படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்கான படிவம் 18, கம்பனிச் செயலாளரின் சம்மதத்துக்கான படிவம் 19 ஆகியவற்றைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். இப்போது இதை இணையவழியிலேயே செய்ய முடிகிறது. தகுதியுள்ள கம்பனிச் செயலாளர் ஒருவரை அமர்த்துவதும் ஆண்டுதோறும் விபரத்திரட்டைச் சமர்ப்பிப்பதும் கட்டாயம். இவற்றுக்கு ஆகும் கட்டணத்தை முதல் ஆண்டுச் செலவிலேயே எழுதிவிடுங்கள்.

ஊர்க் கழகத்தையும் உங்கள் கம்பனியையும் இணைக்க விரும்புபவர்களுக்கு ஜெர்மனியின் முறை ஒரு சிந்தனையைத் தரும். 1998இல் அங்கு கழகங்கள் தமது அணிகளைக் கம்பனிகளாக்க அனுமதிக்கப்பட்டபோது, வாக்குரிமையில் ஐம்பது வீதத்துக்கு மேல் ஒரு வாக்காவது அங்கத்தவர்களின் தாய்க் கழகத்திடம் இருக்க வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. ஊர்க் கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், பெயரும் சின்னமும் நிறமும் ஊருக்கே உரியவை என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, பயிற்சிப் பிரிவை மட்டும் உங்கள் கம்பனி நடத்துவதாக ஒப்பந்தம் செய்யுங்கள். சின்னத்துக்காகச் சண்டைபிடித்து இரண்டாக உடைந்த கழகங்களில் இரு பகுதியிலும் நட்டப்பட்டவர்கள் பிள்ளைகளே.

ஒருவரே இரு கழகங்களைக் கட்டுப்படுத்துவது போட்டியின் நேர்மையைக் கெடுக்கும் நிலை எழக்கூடாது என்பது ஃபிஃபாவின் அடிப்படைக் கோட்பாடு. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை போன்ற லீக்குகளில் எதில் உங்கள் கழகம் இணைந்தாலும், அதே லீக்கில் இன்னொரு கழகத்துக்குப் பயிற்றுவிப்பதை அன்றே நிறுத்துங்கள்.

மைதானம்

துரையப்பா விளையாட்டரங்கு இந்திய நிதியுதவியோடு புனரமைக்கப்பட்டு 2016இல் மீளத் திறக்கப்பட்டது, ஆனால் அன்றாடப் பயிற்சிக்கு ஒவ்வொரு கழகமும் தன் ஊர்க் காணியைத்தான் நம்பியிருக்கிறது. அந்தக் காணி தேவாலயத்துடையதா, கோயிலுடையதா, பாடசாலையுடையதா, பிரதேச சபையுடையதா, வெளிநாட்டில் இருக்கும் தனியாருடையதா என்பதை உறுதியைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். "அவை ஒண்டும் சொல்லமாட்டினம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கோல் கம்பத்தைச் சீமெந்து போட்டு நடாதீர்கள். தனியார் காணியென்றால் நொத்தாரிசு முன்னிலையில் குத்தகை எழுதுங்கள், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கேளுங்கள். பொது அமைப்பின் காணியென்றால் எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கடிதம் பெறுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கே; உங்கள் ஊரின் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள் சேர்கிறார்கள், மாதக் கட்டணம் 1,500 ரூபா, பத்துப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க உங்களுக்கு மனம் வராது, வாங்கவும் கூடாது. மாதம் 45,000 ரூபா. ஆனால் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு மாதமும் கட்டணம் வராது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மைதானம் குளமாகிவிடும். பரீட்சைக் காலத்தில் மூத்த பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஒன்பது மாதங்களுக்கே கணக்கிட்டால் ஆண்டுக்கு 405,000 ரூபா. உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கு மாதம் 30,000 ரூபா சம்பளம் என்றால், தொழில்வழங்குநராக நீங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் மேலதிகமாகச் செலுத்த வேண்டும். ஆக மாதம் 34,500, ஆண்டுக்கு 414,000 ரூபா. ஒரு பந்துகூட வாங்குவதற்கு முன்பே 9,000 ரூபா துண்டு விழுகிறது.

இந்தக் கணக்கைக் காட்டுவது உங்களைத் தடுப்பதற்காக அல்ல. முதல் மூன்று ஆண்டுகளாவது உங்கள் பாடசாலை வேலையையோ அலுவலக வேலையையோ விடக் கூடாது என்பதற்காகவும், ஊழியரின் சேமலாப நிதியை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளக் கூடாது என்பதற்காகவுமே. பந்துச் செலவிலும் கணக்கு வேண்டும்: எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 3ஆம் அளவு, பன்னிரண்டு வரை 4ஆம் அளவு, அதற்கு மேல் 5ஆம் அளவு என்று வாங்க வேண்டியிருப்பதால், எல்லா வயதினரையும் முதல் ஆண்டிலேயே சேர்ப்பவருக்கு மூன்று மடங்கு பந்து தேவைப்படும். ஒரு வயதுப் பிரிவோடு தொடங்குங்கள்.

மிகுதியை நிரப்புவது பெரும்பாலும் புலம்பெயர்ந்த உறவுகளின் உதவிதான். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் பழைய வீரர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனமுவந்து கொடுப்பவர்கள். அவர்களிடம் பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்காமல், ஒரு குறித்த பொருளுக்குக் கேளுங்கள்: 4ஆம் அளவுப் பந்து பன்னிரண்டு, விலை இவ்வளவு, கடையின் விலைக்கூற்று இது. பொருள் வந்த வாரமே பற்றுச்சீட்டின் படத்தையும் பந்துகளின் படத்தையும் அனுப்புங்கள். கொடுத்தவர் நன்கொடையாளரா, கடன் கொடுத்தவரா, பங்குதாரரா என்பதைப் பணம் வரும் முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளின் பின் ஊருக்கு விடுமுறையில் வந்து, "நான்தானே இந்தக் கழகத்தைத் தொடங்கினது, என்ர மருமகன் ஏன் முதல் பதினொருவரில் இல்லை" என்று கேட்பவருக்கு, அந்த ஒரு தாள்தான் மரியாதையான பதிலாக அமையும்.

பிள்ளைகளின் பதிவேடு

உங்கள் கழகத்தின் பெறுமதி மிக்க சொத்து பிள்ளைகளின் பதிவேடு என்பதை அறியாதவர்கள் பலர். தொழில்முறை வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றக் கட்டணத்துடன் செல்லும்போது, அக்கட்டணத்தின் 5 வீதம் அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. 12 வயது முதல் 15 வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்தப் பங்கின் 5 வீதம், 16 முதல் 23 வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 வீதம் என்று அது கணக்கிடப்படுகிறது. நமது பிள்ளை ஒருவர் அந்த நிலைக்குப் போவது அரிது. போகும் நாளில், அவர் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை உங்கள் கழகத்தில் பதிவாகியிருந்தார் என்ற சான்று இல்லையென்றால் ஒரு சதமும் கிடைக்காது. தேசிய சம்மேளனத்தின் கீழ் இணையாத தனியார் பயிற்சி நிலையத்துக்கும் கிடைக்காது. லீக் ஊடாக முறைப்படி இணைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அதே நேரம், ஒரு பிள்ளையின் எதிர்கால வருமானத்தில் தனிமனிதர் எவருக்கும் பங்கு எழுதிக்கொடுக்காதீர்கள். வீரரின் பொருளாதார உரிமையை மூன்றாம் தரப்பு வைத்திருப்பதை ஃபிஃபா 2015 மே 1 முதல் தடைசெய்துள்ளது. "இவன்ர செலவை நான் பாக்கிறன், பிறகு வாறதில பாதி எனக்கு" என்று அன்போடு வருபவரையும் அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

பெற்றோர் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் பிரதி, அவசரத் தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை விபரம் ஆகியவை இல்லாமல் ஒரு பிள்ளையையும் மைதானத்தில் இறக்காதீர்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் வாகனத்தில் பயிற்றுவிப்பாளரைத் தவிர இன்னொரு பெரியவரும், பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை, பிள்ளைகள் வாசிக்கக்கூடிய உயரத்தில் பொருளறைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் மாணவிகள் உதைபந்தாட்டத்தில் தேசிய அளவில் பெயர் பெற்ற மண் இது. பெண்கள் அணியைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்குவதற்கு இங்கு காரணமே இல்லை.

மேலே ஏற நினைத்தால்

நாட்டின் அதியுயர் கழகப் போட்டியாக 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் ஆடின. அவற்றுள் யாழ்ப்பாணக் கழகம் ஒன்றும் இருக்கவில்லை. நமது வீரர்களின் கால்களில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. உயர்மட்டப் போட்டிகளில் ஆடும் கழகங்களுக்கான ஆசியக் கூட்டமைப்பின் கழக உரிம முறை விளையாட்டு, உட்கட்டமைப்பு, ஆளணியும் நிர்வாகமும், சட்டம், நிதி என்ற ஐந்து தலைப்புகளில் கழகத்தை அளக்கிறது. இவற்றுள் முதலாவதில் மட்டும் நாம் வலுவாக இருக்கிறோம். உங்கள் கழகம் சிறியதாக இருக்கும்போதே ஐந்து தலைப்புகளுக்கும் ஐந்து கோவைகள் திறந்து, கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் அதனதன் இடத்தில் போடுங்கள்.

விசிலை ஒப்படைக்கும் நாள்

1996இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ யுனைடெட் கழகத்துக்கு முகாமையாளராக வந்த பாரி ஃப்ரை, கழகத்தின் உரிமையையும் தானே ஏற்றார். 2005 வரை அணியையும் நடத்தினார். பின்னர் கழகம் வேறு உரிமையாளரிடம் கைமாறியபோதும் உதைபந்தாட்டப் பணிப்பாளராகத் தொடர்ந்தார். இரு பாரத்தையும் ஒருவர் பல ஆண்டுகள் சுமக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் நமது ஊரில் உரிமையாளரே அணியைத் தெரிவு செய்தால், வெளியில் இருத்தப்பட்ட பிள்ளையின் தகப்பன் முறையிடுவதற்கு ஆளில்லாமல் போகும். ஆகவே மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை அமர்த்தி, அணித் தெரிவு அவருடைய அதிகாரம் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். பின்பு போட்டி நாளில் வீரர் இருக்கைப் பக்கம் போகாதீர்கள். இடைவேளையில் நீங்கள் ஒரு சொல் சொன்னாலும் பிள்ளைகள் உங்களையே பார்ப்பார்கள், புதியவரின் சொல் அன்றோடு எடுபடாது.

கடைசியாக ஒரு வாசகம் உங்கள் யாப்பிலோ பங்குதாரர் உடன்படிக்கையிலோ இருக்க வேண்டும், அதைப் பலர் எழுத மறக்கிறார்கள்: உரிமையாளர் வெளிநாடு சென்றால் என்ன நடக்கும்? குடும்பம் அழைக்கும், விசா வரும், ஆறு வாரத்தில் விமானம் ஏற வேண்டியிருக்கும். இது நமது ஊரில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டில் இல்லாத உரிமையாளரின் கையொப்ப அதிகாரம் யாருக்குச் செல்லும், பங்குகளை முதலில் வாங்கும் உரிமை யாருக்கு, மைதானக் குத்தகை யார் பெயருக்கு மாறும், பிள்ளைகளின் பதிவேடு யார் கையில் இருக்கும் என்ற நான்குக்கும் பெயர் குறித்து எழுதுங்கள். எழுதிய தாளின் ஒரு பிரதி பொருளாளரிடமும், ஒன்று ஊர்க் கழகத்தின் அல்லது சனசமூக நிலையத்தின் தலைவரிடமும், பொருளறைச் சாவியின் மறுபிரதி தலைமைப் பயிற்றுவிப்பாளரிடமும் கழகம் பதிவாகும் நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.